கடல் கடந்த கலையை ஆராய வழி உண்டா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, இத்தகைய பொருளை ஆராய முன்வரும் இளையோருக்கு நாட்டுக்குள்ளும் வெளியிலும் ஆய்வு உதவித்தொகைகள் இருக்கின்றன என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பழனிமலையின் மேல்மலையிலிருந்தும் கீழ்மலையிலிருந்தும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊர்ப் பெயரை மட்டும் தருகிறேன்.

கேள்வி: மதுரையில் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். எங்கள் காப்பித் தோட்டத்து மேட்டில் இருக்கும் கல்திட்டைகளை அப்பத்தா ‘பாண்டவர் வீடு’ என்பார். அவற்றைப் பார்த்து வளர்ந்ததால்தான் வரலாற்றுப் பாடத்தையே எடுத்தேன். வெவ்வேறு நாட்டுக் கலைகள் ஒன்றையொன்று சந்தித்த காலத்தை ஆராய ஆசை. கலை வரலாறு என்று தனியாகப் படிக்காத எனக்கு உதவித்தொகை கிடைக்குமா? – வாசகி, தாண்டிக்குடி

பதில்: கிடைக்கும். முதலில் துறையின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரிந்தால்தான் அறிவிப்பு வரும்போது கண்ணில் படும். நவீன காலத்துக்கு முற்பட்ட, பண்பாடுகளுக்கு இடையிலான கலை வரலாறு என்று அதைச் சொல்கிறார்கள். சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பில் எழுதப்பட்ட துணிகள் இந்தோனேசியத் தீவுகளுக்குப் போய், உடுப்பதற்கு எடுக்காமல் பேழையில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் குலச்சொத்தாக ஆயின. அத்தகைய இந்தியத் துணிகளை ஜப்பானியர் ‘சரசா’ என்று அழைத்து, தேநீர்ச் சடங்கின் பாத்திரங்களுக்கு உறை தைக்கச் சிறு துண்டையும் வீணாக்காமல் போற்றினார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்களுக்குள் நுழைந்தால், கோயில் மண்டபத்தில் பார்த்துப் பழகிய கல்தூண்களும் போதிகைகளும், உருவச் சிற்பங்கள் மட்டும் நீங்கி, அப்படியே நிற்கக் காணலாம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் பிற்காலத்தில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட கோட்டோவியங்களை வரைந்திருக்கிறார். ஒரு பொருளோ வடிவமோ பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டு இன்னோர் ஊரில் வேறு வாழ்க்கை வாழ்ந்ததை ஆராயும் துறை இது.

கலை வரலாற்றுக்கென்று முதுகலைப் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்கள் நம் நாட்டில் மிகச் சில. பரோடாவிலும் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஆகவே வரலாறு, தொல்லியல், தமிழ், வடமொழி என்று வேறு வாசல்கள் வழியாக இத்துறைக்குள் வந்தவர்கள் பலர். அதை யாரும் குறையாகக் கருதுவதில்லை. உங்களுக்கு நேரான வழி பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கும். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். வரலாறு என்ற பாடத்திலேயே எழுதலாம். ஓவியம், சிற்பம், கலை வரலாறு ஆகியவை அடங்கிய ‘விஷுவல் ஆர்ட்’ என்ற பாடமும் இருக்கிறது. எந்தப் பாடமானாலும் நெட் தேர்வில் மேல்தட்டில் தேறுபவர்களுக்குத்தான் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டுகள் தளர்வு உண்டு. 2024ஆம் ஆண்டு முதல் நெட் மதிப்பெண்ணை பி.எச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், உதவித்தொகை தவறினாலும் எழுதிய தேர்வு வீணாகாது.

உங்கள் தோட்டத்துக் கல்திட்டைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்லாட் பாதிரியாரும் நியூட்டனும் சேர்ந்து பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கா. ராஜன் உங்கள் ஊரிலேயே அகழாய்வு செய்திருக்கிறார். இந்த இரண்டையும் படிக்காமல் எந்த விண்ணப்பத்தையும் தொடங்க வேண்டாம். ஆனால் கல்திட்டை என்பது இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் தம் இறந்தோருக்கு எடுத்த கட்டுமானம். அதை மட்டும் வைத்துக்கொண்டு பண்பாடுகளின் சந்திப்பைப் பேச முயன்றால் சான்று போதாது. ஈமச் சின்னங்களுக்குள் வைக்கப்பட்ட மணிகள்தாம் தொலைதூரக் கதையைச் சொல்லக்கூடியவை. அவற்றைப் பற்றி இன்றைய கடைசிப் பதிலில் எழுதுகிறேன். அதையும் உங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலைவாழையும் மிளகும் வைத்திருக்கிறேன். காட்டெருமை புகுந்துவிட்டால் அந்த ஆண்டு வரும்படி போயிற்று. என் மகளோ சிற்ப ஆராய்ச்சி, உதவித்தொகை என்கிறாள். அந்தப் பணம் சோற்றுக்குக் காணுமா? ஏமாற்று வேலை இல்லையே? – தந்தை, பண்ணைக்காடு

பதில்: ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கு 2023ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், ஆய்வு முன்னேற்றத்தை மதிப்பிட்ட பின் மீதிக் காலத்துக்கு மாதம் 42,000 ரூபாயும் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டுகள். ஒரு பெண் மதுரையிலோ சென்னையிலோ தங்கிப் படித்துக்கொண்டு வீட்டுக்கும் சிறிது அனுப்ப இது காணும். ஆனால் முதல் தேதியானால் பணம் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். சேர்க்கைக்குப் பிறகு தாள்கள் நகர்ந்து முதல் தவணை வருவதற்குள் பல மாதங்கள் ஆவது வழக்கமாகவே இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அரையாண்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

ஏமாற்று வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். நெட் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. அதைத் தேர்வு முகமையின் தளத்தில் நேரடியாகக் கட்ட வேண்டும். அதைத் தவிர, உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் எவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மதிப்புமிக்க எந்த ஆய்வு நிறுவனமும் இடைத்தரகர் மூலம் ஆள் எடுப்பதில்லை.

படித்து முடித்தபின் வேலை? கல்லூரி ஆசிரியர் பணி, அருங்காட்சியகம், தொல்லியல் துறை ஆகியவைதாம் பெரும்பாலும் உள்ள வாய்ப்புகள். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. மகளோடு ஒரு நாள் மாலை உட்கார்ந்து, அவள் எந்தச் சிற்பத்தைப் பற்றிப் பேசுகிறாள், அதில் அவளுக்கு என்ன புரியவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் அவள் நிறுத்தாமல் பேசினால், அவளைத் தடுக்காதீர்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பி.எச்.டி. இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ‘தென்கிழக்கு ஆசியக் கலையில் சோழர் கலையின் தாக்கம்’ என்பது தலைப்பு. வெளிநாட்டு ஆய்வு நல்கைக்கு இருமுறை விண்ணப்பித்தேன். இருமுறையும் காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டார்கள். விண்ணப்பத்தின் நகலை இணைத்துள்ளேன். எங்கே தவறு? – ஆய்வு மாணவர், கொடைக்கானல்

பதில்: நகலை இரண்டு முறை படித்தேன். உங்கள் உழைப்பில் குறையில்லை; தலைப்பில்தான் சிக்கல். ‘தாக்கம்’ என்ற சொல் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதைப் போன்ற நிறைவைத் தருகிறது. உண்மையில் அது யாரையும் காட்டுவதில்லை. யார் கொண்டு போனார்கள், யார் பணம் கொடுத்தார்கள், எந்தப் பட்டறையில் யார் வார்த்தார்கள், வாங்கியவர் எதை ஏற்று எதைத் தள்ளினார் என்ற கேள்விகள் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. பண்பாடுகளுக்கு இடையிலான கலை வரலாற்றில் மதிப்பீட்டாளர்கள் தேடுவது அந்த மறைந்த மனிதர்களைத்தான். ஒரு பண்பாடு கொடுக்கிறது, இன்னொன்று கைநீட்டி வாங்கிக்கொள்கிறது என்ற படத்தை அவர்கள் இப்போது ஏற்பதில்லை; நம் பெருமையைப் பேசுவதாக இருந்தாலும் ஏற்பதில்லை.

உங்கள் பொருளிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். நெதர்லாந்து நாட்டு லைடன் நகரின் பெயரால் லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஆனைமங்கலச் செப்பேடுகளை உங்கள் விண்ணப்பத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் நாகப்பட்டினத்தில் தன் தந்தையின் பெயரால் எடுத்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடும் அறக்கொடை நிலமாக, அளித்ததை அவை சொல்கின்றன. பெரிய செப்பேட்டுத் தொகுதியில் 21 ஏடுகள். அவற்றில் 5 வடமொழி, 16 தமிழ். வடமொழிப் பகுதி அரச குலங்களின் புகழைப் பாடுகிறது. தமிழ்ப் பகுதியோ பிடியை (பெண் யானையை) நடத்தி எல்லை சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, எந்த வாய்க்காலுக்குக் கிழக்கே, எந்த நிலத்துக்கு மேற்கே என்று மண்ணில் நிற்கிறது. ஒரே கொடையை இரு மொழிகளில் எழுதியவர்கள் ஒவ்வொரு மொழியிலும் யாரை முன்னிறுத்திப் பேசினார்கள், கடல் கடந்த அரசனின் பெயர் எந்த மொழியில் எப்படி வருகிறது, அந்த விகாரத்தோடு தொடர்புடைய படிமங்களில் அந்த இரட்டைத்தன்மை தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது மூன்றாண்டுகளுக்கு வேலை வைக்கக்கூடிய கேள்வி. நாகப்பட்டினத்தில் 1856ஆம் ஆண்டு முதல் கிடைத்த சுமார் 350 பௌத்தச் செப்புப் படிமங்களில் பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. டி.என். இராமச்சந்திரன் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட விளக்க நூல் இன்றைக்கும் அவற்றுக்கு வாசல். அவற்றில் பத்தைத் தேர்ந்தெடுங்கள். உச்சியில் எழும் சுவாலையின் வடிவம், பீடத்தின் பின்புறம், எழுத்து இருந்தால் அதன் வாசகம் என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, பிறகு தலைப்பை எழுதுங்கள்.

அடுத்து, அந்த நாட்டுக்கு நீங்கள் ஏன் போக வேண்டும் என்பதற்கு உங்கள் விண்ணப்பத்தில் விடையே இல்லை. ‘சிறந்த நூலகங்கள் உள்ளன’ என்பது விடையாகாது. இன்ன அருங்காட்சியகத்தில் இன்ன பதிவெண் உள்ள படிமத்தின் பீடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் விடை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் ஓர் அருங்காட்சியகத்துக்கு, ‘தங்களிடம் உள்ள தென்னிந்தியப் பொருட்கள் அனைத்தையும் பார்வையிட விரும்புகிறேன்’ என்று எழுதினேன். பதில் வரவில்லை; நினைவூட்டல் இரண்டுக்கும் வரவில்லை. மறு ஆண்டு மூன்றே மூன்று பதிவெண்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதினேன். பத்து நாளில் காப்பாளரே கைப்பட எழுதிய பதில் வந்தது.

எந்த நல்கை எந்தப் படிக்கு உரியது என்பதையும் பாருங்கள். ஃபுளோரன்ஸ் நகரில் ஜெர்மானிய அறிஞர்கள் 1897ஆம் ஆண்டில் நிறுவி இப்போது மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் கீழ் இயங்கும் கலை வரலாற்று நிறுவனமும், 2009ஆம் ஆண்டில் கெட்டி அறக்கட்டளை தொடங்கிய ‘கலை வரலாறுகளை இணைத்தல்’ என்ற முயற்சியும், பெர்லினில் 2013 முதல் 2019 வரை நடந்த ‘கலை வரலாறுகளும் அழகியல் நடைமுறைகளும்’ என்ற திட்டமும், மத்தியதரைக் கடலையும் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஆய்வுக்கு இடம் உண்டாக்கின. ஆனால் பெர்லின் திட்டத்தைப் போன்றவை முனைவர் பட்டம் முடித்தவர்களை நோக்கியவை; எல்லா ஆண்டும் திறந்திருப்பவையும் அல்ல. உங்கள் படிக்குப் பொருத்தமானது ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு நல்கை. இந்தியப் பல்கலைக்கழகத்தில் குறைந்தது ஓராண்டுக்கு முன் பதிவு செய்தவர்கள் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் தங்கி ஆராய அது வழி செய்கிறது. இங்கிலாந்தில் உள்ள சேகரிப்புகளைப் பார்க்க வேண்டுமானால் 1981ஆம் ஆண்டு முதல் இயங்கும் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்டின் குறுகிய கால உதவிகள் உண்டு. அதற்கு அங்கிருந்து ஒருவர் உங்களை வரவேற்று எழுதிய கடிதம் தேவைப்படும். அந்தக் கடிதத்துக்குப் பதிவெண்தான் திறவுகோல்.

பரிந்துரைக் கடிதத்தைப் பதவி பார்த்துக் கேட்காதீர்கள். உங்கள் எழுத்தைப் படித்துத் திருத்தியவர் யாரோ அவரிடம் கேளுங்கள். கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

கேள்வி: பள்ளி முதல் எம்.ஏ. தமிழ் இலக்கியம் வரை தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதவே நேரமாகிறது. உலகத்தார் போட்டியிடும் இந்தத் துறையில் எனக்கு என்ன இடம்? – வாசகர், பாச்சலூர்

பதில்: நியூயார்க் ஏசியா சொசைட்டியில் நாகப்பட்டினத்துப் புத்தர் படிமம் ஒன்று இருக்கிறது. அதன் பீடத்தில் உள்ள எழுத்து தமிழ். இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்னும் பௌத்த விகாரத்தில் உள்ள அக்கசாலைப் பெரும்பள்ளியின் திருவுற்சவத்துக்கு எழுந்தருளும் படிமம் அது என்று அந்த வாசகம் சொல்கிறது. புத்தரை ‘ஆழ்வார்’ என்கிறது. அக்கசாலை என்றால் பொற்கொல்லர் பட்டறை என்பதும், ‘எழுந்தருளுதல்’ என்ற சொல் தேர்த் திருவிழாவில் எப்படி ஒலிக்கும் என்பதும், ‘ஆழ்வார்’ என்ற சொல் திருமால் அடியார்களுக்கு மட்டுமே உரியதாக இருக்கவில்லை என்பதும் உங்களுக்கு அகராதி புரட்டாமல் தெரியும். அந்தப் படிமம் உற்சவமூர்த்தியாக வீதியில் வந்தது என்ற செய்தி, மற்றவர் முயன்று கற்க வேண்டிய அந்தச் சொற்களுக்குள்தான் இருக்கிறது.

சுமத்ராவின் பாருஸ் துறையில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088ஆம் ஆண்டில் வைத்த கல்லும், சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் மங்கோலிய ஆட்சியாளரான கானின் உடல்நலத்தை வேண்டிச் சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும் 1281ஆம் ஆண்டுக் கல்லும் தமிழில் இருக்கின்றன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கையின் காலி என்ற துறைமுக நகரில் நிறுவுவித்த 1409ஆம் ஆண்டுக் கல் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்னும் இறைவருக்கும், பாரசீகத்தில் இசுலாமிய வழிபாட்டுக்கும் காணிக்கை சொல்கிறது. 1911ஆம் ஆண்டில் காலியில் கண்டெடுக்கப்பட்ட அது இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று மொழிகளில் ஒன்று உங்கள் தாய்மொழி. மற்ற இரண்டில் ஒன்றைக் கற்றால் அந்தக் கல்லின் பெரும்பகுதி உங்கள் கைக்கு வந்துவிடும்.

ஆங்கிலம் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நெட் தேர்வின் வினாத்தாளும் மொழிப் பாடங்களைத் தவிர மற்றவற்றுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. ஆனால் தமிழ் என்ற பாடத்தில் நீங்கள் தமிழிலேயே எழுதலாம், அதில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். தொகையும் முன்பு சொன்ன அதே தொகைதான். முதலில் தமிழில் ஆய்வுத் திட்டத்தை எழுதி, சொல்ல வந்தது தெளிந்தபின் குறுகிய வாக்கியங்களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். அதோடு தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய எழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பு அதற்கு நல்ல பள்ளி. இவற்றை உங்கள் விண்ணப்பத்தில் ‘மொழித்திறன்’ என்ற கட்டத்தில் வெட்கப்படாமல் முதல் வரியாக எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் படித்த இருவர், ஒருவர் ஆதிதிராவிடர், இன்னொருவர் பளியர், முதுகலை முடித்திருக்கிறார்கள். சிற்ப வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள். அவர்களுக்குத் தனி உதவி உண்டா? – ஆசிரியை, மன்னவனூர்

பதில்: உண்டு, அம்மா. பட்டியல் பழங்குடி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையில் ஆண்டுக்கு 750 பேர் தேர்வு செய்யப்படுகிறார்கள். பட்டியல் சாதியினருக்கும் அதேபோல் தனித் திட்டம் இருக்கிறது. மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையையும் கவனித்து வரச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரின் எழுத்தும் மதிப்பெண் பட்டியலில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது கடைசி வாரத்தில் முடியாத காரியம்.

வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகையில் மட்டும் ஒரு முள் இருக்கிறது. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்காக ஆண்டுக்கு 125 இடங்கள் கொண்ட அத்திட்டத்தின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு பற்றிய தலைப்புகளுக்கு அதில் இடமில்லை என்று சேர்த்துவிட்டது. இந்த முடிவு எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. நம் ஊர்ப் பொருட்கள் லண்டனிலும் லைடனிலும் இருக்கும்போது, அவற்றை ஆராய அங்கே போகும் வாய்ப்பை, அந்த வாய்ப்பு மிகவும் தேவைப்படும் பிள்ளைகளுக்கே அடைத்துவிடுவது சரியல்ல என்று கருதுகிறேன். ஆகவே உங்கள் மாணவர் ஒவ்வோர் ஆண்டின் அறிவிப்பையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டே விண்ணப்பிக்கட்டும். முன் பதிலில் சொன்ன சார்லஸ் வாலஸ் உதவி இந்தியக் கலை, பாரம்பரியத் துறைகளில் இருப்பவர்களுக்காகவே ஏற்பட்டது என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 38. ஓவிய ஆசிரியர். பி.எச்.டி. செய்யும் எண்ணம் இல்லை. பழைய எழுதுதுணிகளின் வடிவங்களை ஆராய மட்டும் ஆசை. வழி? – வாசகர், பழனி

பதில்: மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்துக்காக சி.சி.ஆர்.டி. (பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையம்) நடத்தும் இளநிலை நல்கையைப் பாருங்கள். 25 முதல் 40 வயது வரை, மாதம் 10,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். பி.எச்.டி. பதிவு கட்டாயமில்லை, பட்டம் இருந்தால் போதும். உங்களுக்கு இன்னும் இரண்டே ஆண்டுகள் இருக்கின்றன. அடுத்த அறிவிப்பைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி ஒன்று கேட்கிறார்கள். இங்கே பெரிய நூலகமும் இல்லை, மழை பிடித்தால் இணைப்பும் இல்லை. எதைப் பற்றி எழுதுவேன்? – வாசகி, பூம்பாறை

பதில்: ஒரே ஒரு பொருளைப் பற்றி எழுதுங்கள். மலையடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் கிடைத்தன. அங்கே ஓர் ஈமச் சின்னத்தில் இருந்த நெல்லுக்குப் பொ.ஆ.மு. (கி.மு.) 490 என்று காலம் கணித்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள்; எல்லோரும் அந்த நெல்லைப் பற்றியே பேசினார்கள். நீங்கள் மணியைப் பாருங்கள். கடுகைவிடச் சற்றுப் பெரிதான ஒரு கண்ணாடி மணியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் உள்ளே நுண்ணிய காற்றுக்குமிழிகள் தெரியும். அந்தக் குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டு கிடந்தால், உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற குழலாக இழுத்து, ஆறியபின் துண்டு துண்டாக நறுக்கி, முனை மழுங்க மறுபடி சூடாக்கிய மணி அது. குமிழிகள் துளையைச் சுற்றிச் சுற்றி ஓடினால், கம்பியின் மேல் கண்ணாடியைச் சுற்றிச் செய்த மணி. இழுத்துச் செய்த இந்த வகை மணிகள் தென்னிந்தியாவிலிருந்து தாய்லாந்து, இந்தோனேசியா வரை பரவிக் கிடக்கின்றன. மணி மட்டும் கப்பலேறியதா, மணி செய்யும் கம்மியரும் ஏறினாரா என்பதுதான் கேள்வி. அந்தக் குமிழிக்குள்ளிருந்தே அதைத் தொடங்கலாம்.

அதனோடு ஒப்பிட செந்நிறக் கல்லான சூதுபவளத்தில் செய்த ஒரு மணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் ஒரே ஈமச் சின்னத்தில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. அதன் மூலக்கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கல் வடக்கிலிருந்து வர, கண்ணாடி இங்கே இழுக்கப்பட்டுக் கிழக்கே போயிருக்கிறது. இந்த இரண்டு மணிகளை வைத்தே பதினைந்து பக்கம் எழுதிவிடலாம்.

நூலகத்தைப் பற்றிய கவலை வேண்டாம். 1895ஆம் ஆண்டில் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகம் உங்களுக்கு ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கிறது; பழனிமலை ஈமச் சின்னங்களில் கிடைத்த பொருட்களை அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டுபோய், படம் எடுப்பதற்கு முன் கையால் வரையுங்கள். வரையும்போது கண் தங்கும் இடங்களில் படம் எடுக்கும்போது தங்காது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017ஆம் ஆண்டு முதலும், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதற்கு முன்பிருந்தும் தம் சேகரிப்பின் உயர்தரப் படங்களை இலவசமாகத் தருகின்றன. கொடைக்கானலுக்குப் போகும் நாளில் தேவையானவற்றைப் பதிவிறக்கிக்கொண்டால், இணைப்பு இல்லாத நாட்களிலும் வேலை நிற்காது. சென்னைக்குப் போக நேர்ந்தால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும், புதுச்சேரிக்குப் போக நேர்ந்தால் 1955ஆம் ஆண்டு முதல் இருக்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் கோயில் புகைப்படத் தொகுப்புக்கும் இரண்டிரண்டு நாள் ஒதுக்குங்கள்.

ஐரோப்பிய நிறுவனங்களின் கடைசி நேரம் அவர்கள் ஊர்க் கணக்கில் குறிக்கப்படும். அந்த நேரம் நமக்கு விடியற்காலையாகவும் இருக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் ஒரு மரம் கம்பியின் மேல் விழுந்தால் இரண்டு நாள் மின்சாரம் இருக்காது என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே பதிவேற்றி, ஏற்றுக்கொண்ட அறிவிப்பை அச்சிட்டு வைத்துவிடுங்கள். மணியைப் பற்றிய கட்டுரையை எழுதியதும், தமிழில் இருந்தாலும் சரி, அலுவலக முகவரிக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ஓரத்தில் குறிப்பெழுதி இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புகிறேன். தாண்டிக்குடி வாசகிக்கும் இதே வேண்டுகோள்.